சில்க் போர்டு நெரிசலில் ஒரு ரஷ்யப் புரட்சி

"கவர்னரை எப்போ கொல்லப் போறீங்க?"

சுமித்ரா மேடம் இந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் மேசையில் ஒரு தட்டு நிறையத் தேங்காய் பிஸ்கட் இருந்தது. நன்றாக நினைவிருக்கிறது. பயம் வந்தால் நான் எதிரில் இருக்கும் தின்பண்டத்தைத்தான் பார்ப்பேன்.

அவர் எங்கள் தொழிற்சாலையின் எச்.ஆர். மேனேஜர். ஜி.எம். சார் உட்காராமல் ஜன்னலோரம் நின்றிருந்தார். எதிரே நானும் ஃபிட்டர் பெருமாள் அண்ணனும். நடுவில் ஒரு பச்சை ஃபைல்.

"எந்தக் கவர்னர் மேடம்?" என்றேன்.

"அதைத்தானே நானும் கேக்கறேன்? எந்தக் கவர்னர்?" அவர் ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கன்னடத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். "மாணவர்கள் குளியல் வீட்டில் கூடினார்கள். கவர்னர் மாளிகைக்குப் போகும் வழியைப் படம் போட்டார்கள். தையல்காரி உஸ்தீன்யா ரகசியக் கடிதத்தைக் கோட்டுக்குள் வைத்துத் தைத்தாள்... யார் இந்தத் தையல்காரி? காண்ட்ராக்ட் லேபரா? அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் ஃபுல்லா தேடிட்டேன். அந்தப் பேர்ல யாருமே இல்ல."

"கோட் வேர்டு," என்றார் ஜி.எம். சார், ஜன்னலைப் பார்த்தபடியே. "கவர்னர்னா நான்தான்."

பெருமாள் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பிஸ்கட்டைப் பார்த்தேன்.

சிரிப்பு வரவில்லை. என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். அப்போது கால் எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு ஆஸ்டின் டவுன் வீட்டில் படுத்திருந்தார். எனக்கும் வேலை போனால் வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பஸ்ஸில் படிக்க முடியாத வயிறு

எங்கள் தொழிற்சாலை பெங்களூரைத் தாண்டி பொம்மசந்திராவில். பிரஷர் குக்கர் மூடிக்குள் போடும் ரப்பர் கேஸ்கட் செய்கிறோம். வரும் கேஸ்கட்டை எல்லாம் இழுத்துப் பார்த்து, திரும்பிச் சுருங்குகிறதா என்று பார்ப்பது என் வேலை. உங்கள் வீட்டு குக்கர் ஒழுங்காக விசில் அடித்தால் அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

எங்கள் நாலாம் நம்பர் கம்பெனி பஸ் காலையில் ஒக்கலிபுரத்தில் கிளம்பி, ஆஸ்டின் டவுனில் என்னை ஏற்றிக்கொண்டு, ஓசூர் ரோட்டில் இறங்கும். அப்போது மெட்ரோவுக்குத் தூண்கள் மட்டும் நட்டிருந்தார்கள். சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டுவதற்குள் ஒருத்திக்கு வலி எடுத்துப் பிள்ளையும் பிறந்து பெயரும் வைத்துவிடலாம்.

அந்த நெரிசலில்தான் பெருமாள் அண்ணன் ஒருநாள் தன் பையிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தார்.

"யசோ, இத கொஞ்சம் படிச்சிச் சொல்லேன். பழைய பேப்பர் கடையில எடைக்கல்லு மாதிரி வச்சிருந்தான். எனக்கு பஸ்ஸுல படிச்சா எழுத்து ஆடுது, அதோட வயிறும் ஆடுது."

அட்டை இல்லை. முதல் சில பக்கங்களும் இல்லை. எழுதியவர் யார், புத்தகத்தின் பெயர் என்ன, எதுவும் தெரியாது. ரஷ்ய நாவல் என்பது மட்டும் இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. ஒரு ஆளுக்கு மூன்று பெயர். வெளியே பனி. உள்ளே நாலு பேர் டீ குடித்துக்கொண்டு, நாடு எப்படி உருப்படும் என்று பதினெட்டுப் பக்கத்துக்குப் பேசுகிறார்கள்.

"இது நம்ம ஏரியா சங்கக் கூட்டம்தானே?" என்றார் பின்சீட்டில் ஒருவர்.

என்னை ஏன் படிக்கச் சொன்னார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பகுதி புத்த விகாரையில் வாசிப்பவள் நான். குரல் கடைசி வரிசை வரைக்கும் போகும். எங்கள் அப்பா எனக்கு யசோதரா என்று பெயர் வைத்தார். "புருஷன் வீட்ட விட்டுப் போறப்போ தூங்கிக்கினு இருந்தவ பேர எனக்கு ஏம்பா வெச்ச?" என்று ஒருமுறை கேட்டேன். "நீயாவது முழிச்சிக்கினு இருப்பேன்னுதான்" என்றார்.

கதை சொல்கிறேன். ஒரு சின்ன ஊர். அதற்கு ஒரு கவர்னர். லுக்கியான் தெரெந்தியெவிச் என்று பெயர். அவருக்கு ஊறுகாய் போட்ட காளான் என்றால் உயிர். ஊரில் மாணவர்கள் சிலர் குளியல் வீட்டில் ஒளிந்து துண்டுப் பிரசுரம் அச்சடிக்கிறார்கள். ஆட்சியைக் கவிழ்க்க வேண்டும், ஆனால் யார் முதலில் கதவைத் தட்டுவது என்பதில் சண்டை. அவர்களுக்குக் கடிதம் கொண்டுபோகிறவள் உஸ்தீன்யா என்ற தையல்காரி. பேச்சில்லாமல் காரியம் செய்கிற ஆள் அந்த நாவலிலேயே அவள் ஒருத்திதான்.

மொழிபெயர்ப்பு அந்தக் காலத்துத் தமிழ். எல்லோரும் எல்லோரையும் "அன்பரே!" என்றார்கள். ஒரே வாரத்தில் அது பஸ்ஸில் தொற்றிக்கொண்டது. "அன்பரே, கொஞ்சம் நவுந்து குந்துமே" என்று பெண்கள் இடம் கேட்டார்கள். டிரைவர் நயாஸ் பாய் ஒரு டெம்போக்காரனைப் பார்த்து, "ஐயகோ! இண்டிகேட்டர் போட மாட்டியா நீ?" என்று கத்தினார்.

அத்தியாயம் முடியாவிட்டால் பச்சை விளக்கு விழுந்தும் அவர் வண்டியை எடுக்க மாட்டார். பின்னால் ஓசூர் ரோடே ஹாரன் அடிக்கும். "தோ நிமிட், ரெண்டே நிமிசம். தையக்காரி மாட்டிக்கிட்டாளா இல்லையா, அத சொல்லு மொதல்ல" என்பார்.

மணிச்சாமி சொன்ன வாக்கு

நாவலில் ஒரு பைத்தியக்காரர் வருகிறார். கழுத்தில் மாட்டுமணி கட்டிக்கொண்டு, பனியில் வெறுங்காலோடு திரிவார். ஊர்க்காரர்கள் அவரை ஞானி என்று கும்பிடுவார்கள். நாங்கள் மணிச்சாமி என்று பெயர் வைத்தோம்.

அவர் சந்தைக்கு நடுவில் நின்று ஒரு வாக்கு சொல்கிறார். சூப்பு சிவக்கும். பெரிய மனிதன் தன் காலணியைத் தானே சுமப்பான். மணி ஊமையாகும் நாளில் பெரிய கதவு திறக்கும், எல்லாம் தலைகீழாகும்.

அதைப் படித்த அன்று மதியம் எங்கள் கேன்டீனில் சாம்பார் சிவப்பாக வந்தது.

பீட்ரூட்தான். பீட்ரூட் மலிவாகக் கிடைத்திருக்கும், கொட்டிவிட்டார்கள். ஆனால் பெருமாள் அண்ணன் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"யசோ. சூப்பு."

"சாம்பார்ண்ணே."

"ரஷ்யாவுல சூப்பு. இங்க சாம்பார். அவன் என்னா நம்ம ஊருக்குன்னு தனியா எழுதுவானா?"

இரண்டு நாள் கழித்து நல்ல மழை. ஹெப்பகோடியில் தண்ணீர் நின்று ஜி.எம். சாரின் கார் நடுரோட்டில் அணைந்துபோனது. மனிதர் பேன்ட்டை முழங்கால் வரை மடித்து, ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு கேட் வழியாக நடந்து வந்தார். நாங்கள் நூறு பேர் பார்த்தோம். யாரும் குட்மார்னிங் சொல்லவில்லை. வாய் பிளந்து நின்றோம்.

அதுவரை கதையைக் காதில் போட்டுக்கொள்ளாதவர்கள்கூட அன்று சாயங்காலம் முன்சீட்டுக்குச் சண்டை போட்டார்கள். மற்ற ரூட் பஸ்காரர்கள், "மூணாவது என்னா சொல்லிருக்கான்?" என்று மெஷினுக்கு மெஷின் கேட்டுக்கொண்டு வந்தார்கள். பெருமாள் அண்ணன் தாடி விட ஆரம்பித்தார். சாமியார்த் தாடி என்று நினைத்துக்கொண்டார். எங்களுக்கு மண்வெட்டி பிடித்த தோட்டக்காரர் மாதிரிதான் தெரிந்தது.

எனக்கு நம்பிக்கை இருந்ததா? புத்தகத்தைப் படித்துச் சொன்னவள் நான். பைத்தியக்காரர் சொன்னதில் நூற்றுக்குத் தொண்ணூறு உளறல் என்பதும் எனக்குத் தெரியும். "வாத்துக்கு மீசை முளைக்கும்" என்றும்தான் சொல்லியிருந்தார். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. இருந்தாலும் அடுத்த திங்கட்கிழமை ஷிஃப்ட் சைரன் அடிக்காமல் போனபோது, என் கையிலிருந்த கேஸ்கட் பறந்துபோய் எதிர்சுவரில் அடித்தது.

பெரிய கதவு திறந்தது

சைரனில் ஒயர் அறுந்திருந்தது. எலி வேலை. அதை யார் விசாரித்தார்கள்?

ஷிஃப்ட் முடிந்ததும் அறுபது எழுபது பேர் பஸ் ஏறாமல் பெரிய கேட் முன்னால் போய் நின்றோம். கோஷம் இல்லை, கொடி இல்லை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். கதவு திறந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. பெருமாள் அண்ணன் கண்ணை மூடியிருந்தார்.

மேல்மாடி ஜன்னல்களில் ஒவ்வொன்றாகத் தலைகள் தெரிந்தன.

அப்போது கேட் கிறீச் என்று முனகியது. எல்லோரும் மூச்சைப் பிடித்தோம். கதவு மெல்ல, மெல்ல முழுசாகத் திறந்தது.

உள்ளே ஒரு தண்ணீர் லாரி வந்தது.

டிரைவர் எங்களைப் பார்த்தான். எழுபது பேர் பேசாமல் அவனையே முறைத்துப் பார்த்தால் அவன்தான் என்ன செய்வான்? வண்டியை நிறுத்தி, இறங்கி, கையெடுத்துக் கும்பிட்டான். "தண்ணிதாண்ணா கொண்டாந்தேன். போர்வெல் தண்ணி. நல்ல தண்ணி."

கூட்டம் கலைந்தது. ஆனால் மாடியில் இருந்தவர்களுக்கு அது தண்ணீர் லாரியாகத் தெரியவில்லை. கொடி பிடித்துக் கத்துகிறவர்களை அவர்களுக்குச் சமாளிக்கத் தெரியும். கத்தாமல் நிற்கிறவர்களை என்ன செய்வது என்று தெரியவில்லை. எவனோ போய், "எல்லாம் நாலாம் நம்பர் பஸ்ஸுல பேசி முடிவு பண்றாங்க சார். கவர்னர்னு யாரையோ போடப் போறாங்களாம்" என்று சொல்லிவிட்டான்.

ஒற்றர் வந்தார்

அடுத்த நாள் எங்கள் பஸ்ஸில் மஞ்சுநாத் ஏறினார். டைம் ஆபீஸ் கிளார்க். மஞ்சு அண்ணா என்போம். மாலூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் புரியும், படிக்க வராது. "சீட் எல்லாம் கம்ஃபர்ட் இதெயா இல்லவான்னு சர்வே" என்று ஒரு நோட்டோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்.

அவர் ஒற்றர் என்பது இரண்டாம் நாளே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சீட்டைப் பற்றி அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "யசோக்கா, உஸ்தீன்யா... னியாவா, ன்யாவா?" என்று ஸ்பெல்லிங் கேட்டார்.

யாரும் அவரை விரட்டவில்லை. அவருக்குக் கதை சரியாகப் போய்ச் சேரட்டும் என்று நானே கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் படித்தேன். இரண்டாவது வாரத்தில் அவர் முன்சீட்டுக்கு வந்துவிட்டார். ஒருநாள் அவருக்கு லீவு. மறுநாள் பஸ் நிற்பதற்கு முன்பே ஓடி ஏறினார். "அக்கா, நேத்து ஏனாயித்து, என்னாச்சு? போலீஸு குளியல் வீட்டுக்கு வந்துட்டானா?"

இப்படி மூன்று வாரம் அவர் எழுதிய அறிக்கைகள்தான் அந்தப் பச்சை ஃபைல்.

தனிப் பானை

"சார், இது கதை," என்றார் பெருமாள் அண்ணன். பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேடத்தின் மேசையில் வைத்தார். தூசி பறந்தது. சுமித்ரா மேடம் பிஸ்கட் தட்டைக் கையால் மூடிக்கொண்டார்.

"கதைன்னு எப்படி நம்பறது?" என்றார் ஜி.எம். சார்.

"படிக்கட்டுமா சார்?" என்றேன். 

"படி."

விட்ட இடத்திலிருந்து படித்தேன்.  ஒரு பக்கம் தாண்டியதும் பஸ் குரல் வந்துவிட்டது.

கவர்னர் தர்ம ஆஸ்பத்திரியைப் பார்வையிட வருகிற அத்தியாயம். முந்தின நாளே சுவருக்கு வெள்ளையடிக்கிறார்கள். கட்டிலுக்குப் புது விரிப்பு. சமையலறையில் இரண்டு பானை. ஒன்று நோயாளிகளுக்கு. இன்னொன்று கவர்னர் ருசி பார்ப்பதற்கு. அதில் மட்டும் கறி. "அன்பரே, இச்சூப்பு வெகு நேர்த்தி! ஏழைகள் கொடுத்து வைத்தவர்கள்!" என்று கவர்னர் உவகையோடு சொல்கிறார். கட்டிலில் படுத்திருந்த கிழவன் ஒருவன் சிரிக்கிறான். ஏன் சிரித்தான் என்று கவர்னருக்கு அன்று முழுவதும் புரியவில்லை.

நான் நிறுத்தினேன். 

ஜி.எம். சார் மெதுவாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் நன்றாக வரும்.

"நம்ம கேன்டீன்ல... எனக்குத் தனிப் பானையா?"

 பெருமாள் அண்ணன்தான் கேட்டார், மிகவும் பணிவாக: "சார், உங்க சாம்பார்ல சின்ன வெங்காயம் இருக்குமா?"

"இருக்குமே."

"நாங்க அதப் பார்த்ததே இல்ல சார்."

மணி ஒன்று. ஜி.எம். சார் எழுந்தார்.  நேரே கேன்டீனுக்குப் போய் எங்கள் வரிசையில் தட்டோடு நின்றார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். கரண்டிக்காரர் அவரைப் பார்த்ததும் உள்ளே பாய்ந்தார்.

"அங்க போகாத. இதையே ஊத்து."

ஊற்றினார். ஜி.எம். சார் ஒரு வாய் சாப்பிட்டார். வெகுநேரம் மென்றார். சாம்பாரில் மெல்வதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை.

"இது என்ன?"

"சாம்பார் சார்."

"நேத்தும் இதேவா?"

"நேத்து இது ரசம் சார்," என்றார் கரண்டிக்காரர். பாவம், அந்த நேரத்தில் அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

இரண்டு வாரத்தில் கேன்டீன் காண்ட்ராக்ட் கைமாறியது. பருப்பு என்ற பொருளை மறுபடி கண்ணால் பார்த்தோம். எங்கள் மேல் இருந்த விசாரணை, வாய்மொழி எச்சரிக்கையோடு முடிந்தது. பஸ்ஸில் கொலை, தீவைப்பு வரும் அத்தியாயங்களை ஜன்னலை மூடிக்கொண்டு படிக்க வேண்டும். அவ்வளவுதான்.

அன்று வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாவுக்கட்டு குலுங்கச் சிரித்தார். நான் அழுதேன். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை.

"எல்லாம் தலைகீழாச்சா இல்லியா?" என்று பெருமாள் அண்ணன் பஸ்ஸில் ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிறகு தாடி அரிக்கிறது என்று எடுத்துவிட்டார்.

கடைசி அத்தியாயம்

மஞ்சு அண்ணாவின் சர்வே நிற்கவில்லை. விசாரணை முடிந்த பிறகும் மேடம் அதை நிறுத்தச் சொல்லவில்லை. "இன்னும் நாலு சாப்டர் இருக்குதாமே, முடியட்டும்" என்றாராம்.

புத்தகம் முடிய இருந்த நாளுக்கு முந்தின சாயங்காலம் நான் கடைசி அத்தியாயத்தை வீட்டுக்கு எடுத்து வந்து படித்துப் பார்த்தேன். அரிசி களைந்துகொண்டே படித்தேன். பாதியில் அரிசியை விட்டுவிட்டேன்.

புரட்சி நடக்கவே இல்லை. மாணவர்கள் கடைசிவரை யார் கதவைத் தட்டுவது என்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள். கவர்னர் காளான் ஜாடியோடு பின்வாசல் வழியாகத் தப்பிவிடுகிறார். உஸ்தீன்யா மட்டும் சொன்ன நேரத்துக்குச் சதுக்கத்துக்குத் தனியாக வருகிறாள். சிப்பாய்கள் சுடுகிறார்கள். கோட்டுக்குள் தைத்த கடிதத்தை யாரும் பிரித்துக்கூடப் படிக்கவில்லை.

மறுநாள் பஸ்ஸில் உட்கார இடமில்லை. வேறு ரூட் ஆட்களும் ஏறியிருந்தார்கள். நயாஸ் பாய் சில்க் போர்டுக்கு முன்னாலேயே வண்டியை ஓரங்கட்டி என்ஜினை அணைத்தார். மஞ்சு அண்ணா பேனா மூடியைக் கழற்றி வாயில் வைத்துக்கொண்டார்.

படித்தேன். சதுக்கம் வந்தது. பனி பெய்தது. சிப்பாய்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள்.

நிமிர்ந்து பார்த்தேன். அத்தனை முகங்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் இவர்கள் எல்லோரும் இறங்கிப் போய் எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நிற்க வேண்டும்.

பக்கத்தைத் திருப்பினேன். அச்சில் இல்லாததைப் படித்தேன்.

சிப்பாய்களில் ஒருவன் அவளிடம் சட்டை தைத்துக்கொண்டவன். அவன் துப்பாக்கியைக் கீழே போட்டான். மற்றவர்களும் போட்டார்கள். உஸ்தீன்யா ஆற்றைக் கடந்து வேறு ஊருக்குப் போனாள். அங்கே கடைவீதியில் தையல் கடை போட்டாள். "வெகு நாள் சுகமாக வாழ்ந்தாள், அன்பரே!" என்று முடித்துப் புத்தகத்தை மூடினேன்.

பஸ் கைதட்டியது. நயாஸ் பாய் நிறுத்தாமல் ஹாரன் அடித்தார். மஞ்சு அண்ணா கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுதினார்.

பத்து நாள் கழித்து சுமித்ரா மேடம் கூப்பிட்டனுப்பினார். இந்த முறை தனியாக. மேசையில் பச்சை ஃபைல். அதன் பக்கத்தில் தடியாக ஒரு கன்னடப் புத்தகம்.

அவென்யூ ரோட்டில் ஒரு பழைய புத்தகக்காரரிடம் கதையைச் சொல்லியிருக்கிறார். அவர் பாதி கேட்டதுமே உள்ளே போய் எடுத்துக் கொடுத்துவிட்டாராம். அந்தப் பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நீங்களும் போய் முடிவைப் படித்துவிடுவீர்கள்.

"கன்னடத்துல அவ செத்துட்டா, யசோதரா."

 பார்ப்பதற்கு அன்று பிஸ்கட்டும் இல்லை.

அவர் மஞ்சு அண்ணாவின் கடைசி அறிக்கையை எடுத்தார். "இதுல என்னமோ எழுதியிருக்கான். ஆத்தைத் தாண்டி தையல் கடை போட்டாளாம். பிளவுஸ் தைச்சாளாம். புடவைக்கு ஃபால்ஸ் அடிச்சுக் குடுத்தாளாம்." கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ரஷ்யாவுல யாரும்மா புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கறா?"

வேகத்தில் வாயில் வந்துவிட்டிருக்கிறது. பஸ்ஸில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை.

"தமிழ்ல பொழச்சிக்கினா மேடம்," என்றேன். 

மேடம் அந்தத் தாளை மேசையில் நேராக வைத்தார். பிறகு டிராயரைத் திறந்து ஆபீஸ் சீலை எடுத்தார். மையில் அழுத்தி, தாளின் அடியில் ஒரு குத்து. அதன் மேல் கையெழுத்து, தேதி. ஃபைலில் கோத்து, பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"நம்ம ஆபீஸ் ரெக்கார்டு பிரகாரம் அவ உயிரோட இருக்கா," என்றார். "யாராவது கேட்டா அப்படியே சொல்லு. போ, ஷிஃப்டுக்கு லேட் ஆகுது."